படியேறாத மிஸ் சந்திரமதி

மிஸ் சந்திரமதி வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கொடியில் கிடந்த ஆண் சட்டைகளைக் கோகிலா சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சவரக் கத்தி எங்கே என்று தேடி, அதையும் எடுத்து ஒளித்தாள்.

"இன்னும் என்ன உக்காந்திருக்கீங்க? பின்பக்கமாப் போங்க. யாரும் பாத்துடக் கூடாது."

"கோப்பிய முடிச்சுக்கட்டுமா?" என்றான் அவள் கணவன் ஜெயபாலன். "திருடன்கூட இவ்வளவு அவசரமா ஓடமாட்டான்."

அவன் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் மறைந்த பிறகு, அவள் தாலியை ரவிக்கைக்குள் விட்டு ஊசி குத்தினாள். மெட்டிகளைக் கழற்றி அரிசித் தகரத்தில் புதைத்தாள். நாலு மாதமாக ஆபீசுக்குப் போகும் முன் தினமும் செய்வதுதான்.

கல்யாணமான பெண்ணுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடையாது. ஜெயபாலன் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போனதிலிருந்து, வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

கம்பெனி விற்பது கூட்டல் மிஷின்கள். மிஸ் சந்திரமதி சிங்கப்பூரில் டைப்பிஸ்டாக நுழைந்து, இப்போது விற்பனைக்கும் வரவு செலவுக்கும் மேனேஜர். மலாக்கா கிளையில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. கல்யாணப் பத்திரிகையோடு ஆபீசுக்கு வந்த டைப்பிஸ்ட் மல்லிகாவை அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பியவரும் அவர்தான்.

கோகிலாவை மிஷின் விற்க மூவாருக்கு அனுப்பப் போகிறார்கள். பெண்ணை வெளியூர் அனுப்பும் முன் அவள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

தெருவில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் இன்னும் தொங்கின. அவற்றின் கீழே கார் வந்து நின்றது.

கோகிலா ஓடிப்போய் மேல்படியில் நின்றாள். "மேல வாங்க மிஸ்."

"வேணாம். இங்கேயே பேசலாம்."

மிஸ் சந்திரமதி கடைசிப் படியின் அருகே, தரையில் நின்றுகொண்டார். காலில் வார் இறுக்கிய, மூடின கறுப்புச் சப்பாத்து. யார் வீட்டுக்குப் போனாலும் அவர் அதைக் கழற்ற மாட்டார். அதனால் படியேறவும் மாட்டார். 'அந்தம்மாவுக்குக் காலே கெடையாது, பொறந்ததிலேருந்து சப்பாத்துதான்' என்று கிளார்க் கணேசமூர்த்தி ஆபீசில் சொல்லிச் சிரிப்பான்.

"தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி, 'எனக்குத்தான் விரல் இருக்கே, மிஷின் எதுக்கு'ன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"உங்க விரல் களைச்சிடும், மிஷின் களைக்காதுன்னு சொல்லுவேன் மிஸ்."

"கோவிச்சுக்குவான். 'நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்'னு சொல்லு, வாங்குவான்." குரல் மாறாமல் அடுத்த கேள்வி வந்தது. "வீட்ல யாரு யாரு?"

"நானும் அம்மாவும் மிஸ். அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க."

அவர் பார்வை கீழே போனது. கோகிலாவின் பார்வையும் போனது. படியோரம் ஜெயபாலனின் செருப்பு கிடந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு மீனாச்சி மலாய்ப் பெண்களைப்போல் கெபாயா மேல்சட்டையும் சாரோங்குமாக வந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் சிட்டிப் பெண், தமிழ் வராது. "காசுட் சாயா," என் செருப்பு, என்று மலாயில் சொல்லி, அந்தச் செருப்புக்குள் காலை நுழைத்துத் தரையில் இழுத்துக்கொண்டே போனாள்.

"பெரிய காலு அவங்களுக்கு," என்றார் மிஸ் சந்திரமதி. சிரிக்கவில்லை.

வீடு மரத்தூண்கள்மேல் உயரமாக நின்றது. கீழே நின்றவரின் கண்ணுக்கு நேராக, மேல்படியில் கோகிலாவின் வெறுங்கால்கள் இருந்தன. அவற்றின்மேல் வெயில் விழுந்திருந்தது.

"விரல்ல என்ன தடம்?"

கோகிலா குனிந்து பார்த்தாள். இரண்டாம் விரலில், வளையம்போல் வெளிறிய கோடு. ஆபீசில் மேசைக்கு அடியில் கால் தெரியாது. மெட்டியைக் கழற்றியவள் அது விட்ட தடத்தை நினைக்கவேயில்லை.

"சுளுக்கு மிஸ். கயிறு சுத்தியிருந்தேன்."

"ரெண்டு கால்லயுமா?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கல்யாணமாகி நாலு மாசமாச்சு மிஸ். அவருக்கு வேலை இல்ல. மல்லிகா மாதிரி என்னையும் அனுப்பிடாதீங்க."

"மல்லிகா பத்திரிகையக் கொண்டுபோய்த் துரை மேசையில வச்சா. அப்புறம் நான் என்ன பண்றது?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். "நல்லையா, தெருமுனைக்குப் போய் வண்டியத் திருப்பிக்கிட்டு வா."

டிரைவர் காதில் விழக் கூடாத எதையோ மிஸ் சொல்லப் போகிறார். கார் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"திங்கக்கிழமை மூவாருக்குப் போறே. அதுக்குள்ள மூடின சப்பாத்து ஒண்ணு வாங்கிக்க. யாரு கூப்பிட்டாலும் படியேறாதே."

"ஏன் மிஸ்?"

மிஸ் சந்திரமதி தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, முதல்முறையாக ஒரு படி ஏறினார், சப்பாத்தோடுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் மெட்டியக் கழட்டினதே இல்ல, கோகிலா. சப்பாத்தத்தான் கழட்டுறதில்ல."