நாவலாசிரியைக்கு ஒரு பனர்

"எழுதுங்கோ எமில்ராஜ் அண்ணை. இங்கிலாந்து யோர்க்கைப் பிறப்பிடமாகவும் லண்டனை வசிப்பிடமாகவும் கொண்ட நாவலாசிரியை டொறதி விக்ஸ்..."

பருத்தித்துறையில் ஒரு சின்ன வாசிகசாலையின் செயலாளர் உதயகலா தொலைபேசியில் மூச்சுவிடாமல் அடுக்கினாள். மறுமுனையில், சந்திகளில் கட்டுகிற பனர் அடித்துக் கொடுக்கும் எமில்ராஜ்.

"வயசு?"

"எழுபத்திநாலு. பதினைஞ்சு வயசிலை பிஸ்கட் கொம்பனிக்கு வேலைக்குப் போனவ. விடியக்காலமை எழும்பி எழும்பி எழுதினவ. முதல் நாவலைப் பத்தொன்பது பேர் திருப்பி அனுப்பினவை. பிறகு பாத்தால் முப்பத்தொரு நாவல்! ஒண்டும் விடாமல் போடுங்கோ."

"பிள்ளையள்?"

"இல்லை அண்ணை. நாவல்தான்."

"பாவம். எப்ப, எங்கை?"

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணி, எங்கடை மண்டபத்திலை."

"லண்டனிலையிருந்து இஞ்சை கொண்டு வாறதோ?"

"ஓம். அவவின்ரை ஆசை அது. வானும் பிடிச்சாச்சு. சிரிச்ச படம் ஒண்டு அனுப்புறன்."

"நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. விடியமுந்தி எல்லாச் சந்தியிலையும் கட்டுவிக்கிறன்."

உதயகலா யோசிக்காமல் எப்படி இருப்பாள்? போன இலக்கியக் கூட்டத்துக்கு வந்தது ஐந்தே பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். "இந்த முறையும் கதிரையளுக்குத்தான் பேச்செண்டால், இனி உந்தக் கூட்டமே வேண்டாம்" என்று தலைவர் நமசிவாயம் முடிவாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் கதிரை துடைக்கவும் மைக் பார்க்கவுமே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. சந்திப் பக்கம் எட்டிப்பார்க்கவே முடியவில்லை.

மூன்றரைக்கே சனம் வரத் தொடங்கியது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக, ஒரு சத்தம் சந்தடியில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். கதிரை முடிந்தது. உட்காரும் நீள வாங்கும் முடிந்தது. தலைவரே இடமில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றார். அடேயப்பா, இலக்கியத்துக்கு இவ்வளவு மரியாதையா! உதயகலாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

பக்கத்து ஒழுங்கைக் குணலட்சுமி அக்கா அவளுடைய கையைப் பிடித்துக் கண்கலங்கினார்.

"இப்பதான் வாசிச்சுப்போட்டு வாறன் பிள்ளை. பிஸ்கட் கொம்பனி, பத்தொன்பது பேர் திருப்பி அனுப்பினது... என்ன பாடு பட்டிருக்கும் அந்தச் சீவன்!"

"ஓமக்கா, ஆனால் கடைசியிலை வெண்டிட்டா!" என்றாள் உதயகலா பெருமையாக.

நாலு மணிக்கு வான் வந்து நின்றது. பூப்போட்ட சட்டையும் தொப்பியுமாக டொறதி விக்ஸ் குதித்திறங்கி, வாயெல்லாம் பல்லாகக் கைகூப்பி, "வணக்கம்!" என்றார்.

"ஐயோ, முருகா!" என்று குணலட்சுமி அக்கா அலறினார். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது.

வாசலில் பெரிய மலர்வளையத்தோடு எமில்ராஜ் வியர்த்துப்போய் நின்றார்.

"பிறப்பிடம் சொன்னாய், வசிப்பிடம் சொன்னாய், வயசும் சொன்னாய், மரண அறிவித்தலிலை போடுற மாதிரியே. நான் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிப் பனர் கட்டிப்போட்டன். மனுசி உயிரோடை இருக்கிறா எண்டு மட்டும் நீ சொல்லேல்லையே பிள்ளை!"