முதல் பெயர் போதும்

"ஷெல்லில் ஒரே வரிக் கட்டளை மேடம். பசங்க பட ஃபைலுக்கெல்லாம் அவங்க முதல் பெயர் வந்துடும்" என்றான் தன்தாவி.

"முதல் பெயர் சரி. ஆனா பைத்தானில் புரோகிராம் எழுதினாத்தான் ஒழுங்கா இருக்கும்" என்றான் மன்சூரி.

"நீ எழுதி முடிக்கறதுக்குள்ள பசங்க பட்டமே வாங்கிடுவாங்க."

கெய்ரோவில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் கணினி பார்க்கும் இந்த இருவருக்கும் காலையிலிருந்து இதே சண்டை. நாளைக்குப் படம் போட்ட தேர்வு அட்டை தரவேண்டும்.

"எதையாவது ஓட்டித் தொலைங்கப்பா" என்றேன்.

தன்தாவி ஓட்டினான். டீ ஆறுவதற்குள் முடிந்தது. பார்த்தால் பாதிப் படங்களைக் காணோம். முகம்மது என்று ஒரே ஒரு படம் இருந்தது. மற்ற முகம்மதுகள் எல்லாம் அதனடியில் அழிந்திருந்தார்கள்.

"இது எப்படி மேடம்?" என்று இருவரும் விழித்தார்கள்.

"உங்க ரெண்டு பேரையும் நான் ஏன்டா ஊர்ப் பேரால கூப்பிடறேன்? முகம்மதுன்னா ரெண்டு பேரும் திரும்பறீங்கன்னுதானே."