ஒருநாள் வீட்டுக்கு வாங்க

மகளின் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

காலிங்பெல் மறுபடியும் அடித்தது.

"கண்ணு, நாந்தான் சுகுணாக்கா வந்திருக்கறேன்."

அவளைக் கண்ணு என்று கூப்பிட டப்ளினில் வேறு ஆள் கிடையாது.

சுகுணாக்கா பஸ் நிறுத்தத்தில் கிடைத்தவள். போனில் யாரிடமோ, "அட ஏஞ்சாமி இப்படிப் பண்றே?" என்று செல்லமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அச்சு அசல் கோபிச்செட்டிப்பாளையத்துப் பேச்சு. இவள் கரூர்க்காரி. காது குளிர்ந்துபோனது. வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிட்டே போய், "ஏனுங்க, நீங்க எந்தூருங்க?" என்று கேட்டேவிட்டாள்.

பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

அதற்கு முன்பெல்லாம் பகல் முழுக்க வாய் திறக்க ஆளிருக்காது. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டால் தொண்டை கட்டிக்கொண்டு யாரோ பேசுவது போலிருக்கும். இப்போது பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை விட்டதும் அக்காவும் இவளும் ஒதுங்கி நிற்பார்கள். மாவு இந்தக் குளிரில் எப்படிப் புளிக்கும், நல்ல முருங்கைக்காய் எந்தக் கடையில் வருகிறது, யார் மாமியார் என்ன சொன்னாள். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு! மழையில் நனைந்தது கூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அந்தப் பேச்சின் நடுவில்தான் அது வாயில் வந்துவிட்டது.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்கக்கா."

வேண்டுமென்றா சொன்னாள்? பிரிகிறபோது இதைச் சொல்லாவிட்டால் ஊர்ப்பக்கம் பேச்சே முடியாது. சொல்கிறவர்களும் நிஜமாகக் கூப்பிடுவதில்லை, கேட்கிறவர்களும் நிஜமாக வருவதில்லை. ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அக்காவோ, "வீடெல்லாம் வசதியா இருக்குதா?" என்று கேட்டாள்.

"நல்ல வீடுக்கா. எங்களுக்குத் தாராளமா இருக்குது."

கட்டடம் எது, எந்த மாடி, எந்தக் கதவு என்று வேறு வாய்நிறையச் சொல்லிவைத்தாள். புத்தி கெட்டவள்.

ஊரில் நெருங்கினவர்கள் ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதுதான் பிரியம். சொல்லிவிட்டு வந்தால் விருந்து கேட்டது போல ஆகிவிடும். அக்கா மாறவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

இவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

நடுக்கூடத்தில் குறுக்கே கயிறு. அதில் இவளுடைய கல்யாணப் பட்டு திரையாகத் தொங்கியது. பட்டென்றால்தான் கனம், ஆள் தெரியாது. அதற்கு இந்தப் பக்கம் மூன்று பேரின் படுக்கை, துணிமணி, அரிசி, குக்கர் எல்லாம். வீட்டில் இருந்த ஒரே அறையை இரண்டு பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரவு வேலை முடித்து வந்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

விடாமல் எப்படி? புருஷனுக்கு வேலை கிடைத்த அன்று சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. வாடகையை ஒருவரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

"உள்வாடகைக்கு விட்டது ஹவுஸ் ஓனர் காதுக்குப் போச்சுன்னா அன்னைக்கே வெளிய தள்ளிருவான். ஒருத்தரையும் உள்ள விட்றாதே." வாரக் கடைசியிலும் கிடங்கு வேலைக்குப் போகிற புருஷன், போகும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவான்.

அந்தப் பயம் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் சுகுணாக்கா ஓனரிடம் போயா சொல்லப்போகிறாள்?

வெட்கம். வேறொன்றுமில்லை. தாராளமாக இருக்கிறது என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கதவைத் திறப்பது? நாளைக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? அந்த ஒரு மனுஷியும் போய்விட்டால்?

எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டாள். ஒரு விரல் அசைத்தால் போதும். உள்ளே வந்தால் அக்கா தரையில் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். வாய்விட்டுச் சிரிப்பாள். இந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

விரல் அசையவில்லை.

வெளியே அக்காவின் புருஷன் பேசினார்.

"அட, உள்ள ஆளிருக்குது சுகுணா. செருப்பெல்லாம் வெளியவே கழட்டி விட்டிருக்கறாங்க பாரு. நாலஞ்சு சோடி கெடக்குது."

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா கீழே குனிந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பது கதவைத் திறக்காமலே தெரிந்தது.

பிறகு அக்கா பேசினாள். பக்கத்தில் நிற்கும் புருஷனுக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை.

"தூங்கறாங்களாட்ட இருக்குதுங்க. பாவம், தூங்கட்டும். வாங்க போலாம்."

லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரை அவள் மூச்சை விடவில்லை. விட்டதும் அழுகை வந்தது.

கதவைத் திறந்தாள். கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. வாழைப்பழம், ரொட்டி, ஒரு டப்பா முறுக்கு.

நீளமான நடைக்கூடம். வரிசையாகக் கதவுகள். எந்தக் கதவுக்கு வெளியிலும் ஒரு செருப்பு கூட இல்லை. இவள் வாசலில் மட்டும் இவளுடையது, மகளுடையது, புருஷனின் ரப்பர் செருப்பு, அந்தப் பையன்களின் பெரிய ஷூக்கள் இரண்டு ஜோடி. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதி ஒட்டாத குறைதான்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து, படுக்கையை ஒட்டி அடுக்கினாள்.

இனி யார் வந்தாலும் ஆளில்லை என்றே திரும்பிப் போகலாம்.