வித்தேன்லா!

"வித்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"வித்தேன்லா. இப்ப என்னாங்கிறீங்க?"

கார்த்திகேசு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதில் சொன்ன தோரணையைப் பார்த்தால், தப்பு செய்தவர் எதிரே இருப்பவரோ என்று சந்தேகம் வந்துவிடும்.

எதிரே இருந்தவர் பெரியநாயகம், மலேசிய விமான நிறுவனத்தின் ஈப்போ அலுவலக அதிகாரி. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மைல் கணக்கு வைத்து, கணக்கு நிறைந்தால் இலவச டிக்கட் என்று நிறுவனம் ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு புகார்.

"இந்த டிக்கட்ட நீங்க யாருக்கு வேணாலும் சும்மா குடுக்கலாம். விக்கக் கூடாது. வித்தா உங்க கணக்கையே மூடிருவோம். டிக்கட்டையும் ரத்து பண்ணலாம். வாங்கினவங்க சுபாங் ஏர்போர்ட்ல பெட்டியோட நிக்க வேண்டியதுதான். தெரியுமில்ல?"

"தெரியும். தெரிஞ்சுதான் வித்தேன்."

பக்கத்து நாற்காலியில் இருளாயி உட்கார்ந்திருந்தார். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் கார்த்திகேசுவுக்கு ஒரு காலத்தில் பக்கத்து வீடு. மடியில் மஞ்சள் துணி கட்டிய செம்பு. அதற்குள் புருஷன் சன்னாசியின் அஸ்தி. ராமேஸ்வரத்தில் கரைக்க நாளைக்குப் புறப்பாடு.

பால் மரம் வெட்டியே காலத்தைக் கழித்த மனுஷி. அவரிடமா காசு பிடுங்குவது? அதுவும் கம்பெனி செலவில் ஜகார்த்தா, மேடான் என்று பறந்து, ரப்பர் ஆலைகளுக்கு மெஷின் சாமான் விற்று நன்றாகச் சம்பாதிக்கிற ஆள்! பெரியநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, நெசமாவே இவருக்குக் காசு குடுத்தீங்களா?"

"பின்னே? கையில குடுத்தேன்யா. ஓசியில போற ஆளு நான் இல்ல. கோயில்ல எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"எவ்வளவு குடுத்தீங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கு."

பெரியநாயகம் கார்த்திகேசுவை ஒரு பார்வை பார்த்தார். இந்த மாதிரி ஆளை எல்லாம் உள்ளே தள்ளச் சட்டம் இல்லையே என்று இருந்தது அவருக்கு.

"கோயில் கமிட்டி அப்பாவு சொன்னது சரியாத்தான் இருக்கு."

"ஓ, அவருதானா? போன மாசம் ஐந்நூறு வெள்ளி காச நீட்டி, அந்த டிக்கட்ட எனக்குக் குடுன்னு கேட்டதே அவருதான். முடியாதுன்னேன். அதையும் சொன்னாரா?"

"ஐந்நூறுக்கே குடுக்கலன்னா, இந்தம்மாகிட்ட எவ்வளவு கறந்தீங்க?"

கார்த்திகேசு இருளாயியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க வெளிய உக்காருங்க. நான் வாரேன்."

"டிக்கட்டு செல்லும்தானே தம்பி?"

"செல்லும்கா. போங்க."

செம்பை அணைத்துக்கொண்டு இருளாயி வெளியே போனார். பெரியநாயகம் கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்க, அந்தம்மா முகத்துக்காகச் சொல்றேன். வாங்கின காசத் திருப்பிக் குடுங்க. 'சும்மாதான் குடுத்தேன், அவங்க தெரியாம சொல்றாங்க'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விஷயத்த இதோட விட்டுர்றேன்."

"எழுத முடியாது."

"சேத்த மைல் மொத்தமும் போயிரும்யா!"

"போகட்டும். எம் பொஞ்சாதி மங்களத்த மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி வச்சிருந்தேன். வீட்டுல ரெண்டு நாளைக்கு அடுப்பு எரியாது, அவ்வளவுதானே? என் கணக்க மூடிக்கிங்க. ஆனா அக்கா டிக்கட்டத் தொட்டீங்கன்னா, இந்த ஆபீஸ் வாசல்லயே உக்காந்துருவேன், சொல்லிட்டேன்."

"அப்படி எவ்வளவுதான் வாங்கினீங்க?"

கார்த்திகேசு சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இருபத்தஞ்சு வெள்ளி."

பெரியநாயகத்துக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

"எண்ணூறு வெள்ளி டிக்கட்டையா?"

"மைல் டிக்கட்டுக்கு இதுதான் வெலைன்னு சொன்னேன். நம்பிட்டாங்க."

"அட, இதுக்குச் சும்மாவே குடுத்திருக்கலாமே! ரூல்படி ஒரு தப்பும் இல்லையே!"

"சும்மாதான் சார் மொதல்ல குடுத்தேன். மேசையில வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்க கிறிஸ்தவரு, கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அடுத்தவன் காசுல போயி அஸ்திய கரைச்சா, அந்தப் புண்ணியம் காசு குடுத்தவனுக்குப் போயிருமாம். சன்னாசி அண்ணனுக்கு ஒண்ணும் சேராதாம். எங்க ஆளுங்க அப்படித்தான் நம்புறாங்க."

"சரி, இப்ப அவங்கதான் வெளிய இருக்காங்களே. எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

"நான் சும்மா குடுத்ததா எழுதினா, நீங்க அப்பாவுக்குப் பதில் சொல்லணும். அவரு வாய் சும்மா இருக்குமா? இன்னைக்குச் சாயங்காலமே கோயில் பூரா தெரிஞ்சிரும். அக்கா பிளேன் ஏற மாட்டாங்க. அண்ணன் அந்தச் செம்புலயே கெடக்கணுமா சார்? நான் வித்தேன். வித்தேன்னே எழுதிக்கிங்க!"

பெரியநாயகம் பேனாவை எடுத்து, டிக்கட்டை விற்றதற்காகக் கார்த்திகேசுவின் கணக்கை மூடுவதாக எழுதினார். டிக்கட்டை ரத்து செய்வது பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். இருளாயி பதறிப்போய் எழுந்து நின்றார்.

அலுவலகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார் பெரியநாயகம்.

"நல்லா விசாரிச்சிட்டோம்மா. இந்த டிக்கட்ட நீங்க காசு குடுத்துத்தான் வாங்கியிருக்கீங்க!"