குளத்தங்கரைத் தீர்மானம்

குளத்துக்குக் காவலாக இருந்த யானை, “இனி என் காட்டைப் பார்க்கவே எனக்கு நேரம் போதாது” என்று சொல்லிவிட்டுப் போனது. மறுநாளே குளத்துக்கு முதலை வந்துவிட்டது.

அதிலிருந்து வாரம் ஒரு கூட்டம். தீர்மானம் எழுதுவது ஆமையின் வேலை. இது ஒன்பதாவது கூட்டம். ஆமைக்குக் கழுத்தை வெளியே நீட்டவே அலுப்பாக இருந்தது.

“காலையில என் குட்டியை இழுத்துட்டுப் போயிடுச்சு. ‘கண்டிக்கிறோம்’னு எழுதுங்க ஆமையாரே,” என்றது மான்.

“ஐயையோ, அதுக்குக் கோபம் வந்துடும். நாளைக்கும் இங்கதானே தண்ணி குடிக்கணும்? ‘கவலை தெரிவிக்கிறோம்’னு போடுங்க,” என்றது முயல்.

“எல்லாரும் சேர்ந்து விரட்டினா என்ன?” என்று கேட்டுப் பார்த்தது ஆமை.

“அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையே,” என்றது காட்டெருமை, அசைபோட்டுக்கொண்டே.

பொழுது சாயும்வரை பேசி, ‘கவலை’ என்றே முடிவாயிற்று. மான் தலையைக் குனிந்துகொண்டது. ஆமை பெருமூச்சு விட்டபடி எழுதி, உரக்க வாசித்தது.

கரையோரத் தண்ணீர் லேசாக அசைந்தது. இரண்டு கண்கள் மேலே வந்தன.

“‘ஆழ்ந்த கவலை’னு போடுங்க ஆமையாரே,” என்றது முதலை. “போன தடவை அப்படித்தானே போட்டீங்க?”