மூன்றுக்கு மேல்

குனிந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஓடி வரும் கால்கள்.

அவர் இமாம். எல்லாருக்கும் முன்னால், மிஹ்றாப் மாடத்துக்குள் தனியாக, முழங்கால்களைப் பிடித்தபடி குனிந்து நின்றார். பின்னால் இரண்டு வரிசை ஆட்கள். அவர் நிமிர்ந்தால்தான் அவர்களும் நிமிர்வார்கள்.

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு பள்ளிவாசல் திறந்து, முதல் அஸர், பிற்பகல் தொழுகை.

திரும்பிப் பார்க்க முடியாது. தொழுகை.

ஓடி வருகிறவனுக்காகக் குனிந்தே காத்திருப்பது அவருடைய பழக்கம். நிமிர்வதற்குள் வந்து சேர்ந்துகொண்டால் தொழுகையின் அந்தச் சுற்று, அந்த ரக்அத், அவனுக்குக் கிடைத்துவிடும். நிமிர்ந்துவிட்டால் போச்சு. துதியை மூன்று தடவை ஓதினால் போதும்தான். அவர் ஐந்து ஓதுவார், ஏழு ஓதுவார். பிந்தி வருகிறவர்களுக்கும் இது தெரியும். ஹவுள் தொட்டியடியில் கால் கழுவும்போதே தொண்டையைச் செருமிவிடுவார்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று.

பேக்கரி ஆதம்பாவா செருமினால் சந்தை வரைக்கும் கேட்கும்.

"இன்னுங் கொஞ்சம் குனிஞ்சிருந்தீங்கண்டா ஹஸ்ரத், போறணையில கிடக்கிற பாணையும் இறக்கி வெச்சிட்டு வந்திருப்பன்" என்று ஒருநாள் அவர் சொன்னதற்கு, பள்ளிக்குள் நிற்கிறோம் என்பதையும் மறந்து எல்லாரும் சிரித்தார்கள்.

பள்ளி மூடுவதற்கு முன் கடைசித் தொழுகை. அன்றைக்கும் கால்கள் ஓடி வந்தன.

அவர் ஐந்து ஓதினார். ஏழு ஓதினார். பாவம், தூரத்திலிருந்து வருகிறானாக்கும் என்று ஒன்பதும் ஓதினார்.

ஒருவரும் செருமவில்லையே என்பது, துவக்குகள் வெடித்த பிறகுதான் உறைத்தது.

அன்று நின்ற ஐந்து வரிசையும் குனிந்தபடியே இருந்தது. அவர் சொன்னால்தானே நிமிர்வார்கள்.

மாடத்துச் சுவர் அவரை மட்டும் மறைத்துக்கொண்டது.

நேற்றுப் பள்ளித் தலைவர் வீட்டுக்கே வந்தார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்களை எடுத்துவிட்டார்கள் என்றார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. அவருடைய மகன் அன்று மூன்றாவது வரிசையில் நின்றவன்.

எழும்பும்போது சொன்னார்.

"மூணுதான் ஹஸ்ரத். ஆர் ஓடி வந்தாலும் மூணோட எழும்பிருங்க."

இமாமும் சரி என்றிருந்தார்.

ஒன்று.

இரண்டு.

கால்கள் ஹவுளடியில் நிற்கவில்லை. நேராகப் படியேறின.

மூன்று.

உள்ளே புதுக் கார்ப்பெட். கழுவிக் கழுவியும் சீமெந்துத் தரை பழையபடி ஆகாததால் கொழும்பிலிருந்து யாரோ அனுப்பியது. அதில் ஏறியதும் சத்தம் அமுங்கிப்போயிற்று. சப்பாத்தா, வெறுங்காலா, தெரியவில்லை.

செருமலும் இல்லை.

நிமிர ஒரு வாசகம் போதும். நாக்கு நுனியில் நின்றது.

 இரண்டு வரிசைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தலைவரும் அதில் நிற்கிறார்.

உண்மையாகவே பிந்தி வருகிற ஒரு ஆளாக இருந்தால்?

நான்கு.



ஐந்து.

கால்கள் கடைசி வரிசைக்கு வந்தன.

நின்றன.

மா வாசம். அதோடு, இப்போதுதான் போறணையை விட்டு இறங்கிய பாணின் சூட்டு வாசம்.

ஆதம்பாவா.

அன்றைக்கும் பிந்தி வந்தவர். ஹவுளடியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டவர். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம்கூட வாய் திறப்பதில்லை என்று சொன்னார்கள்.

பக்கத்தில் நின்றவர், குனிந்தபடியே, கொஞ்சம் தள்ளி இடம் விடுவது கேட்டது.

இமாம் மூச்சை விட்டார். நிமிர்வதற்கு வாயெடுத்தார்.

வெளியே கேற் கிறீச்சிட்டது.

இன்னொரு சோடிக் கால்கள். இது ஆதம்பாவாவை விட வேகம்.

வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆறு.