முப்பத்தொன்றாவது பெயர்

"அந்த அழகிப் போட்டி போஸ்டரைக் கிழிங்க," என்றாள் அந்தப் பெண். செபு நகரத்திலிருந்து காலைப் படகில் வந்து இறங்கியவள். கையில் நோட்டும் பேனாவும்.

ஊர்த்தலைவர் டெல்ஃபின் தன் அலுவலகச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். புயல் நிவாரணம் வாங்கிய விவசாயிகளின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஒட்டியிருந்தார். அதன்மேல் வேறெதையும் ஒட்டக் கூடாது என்று உத்தரவில் இல்லை.

"திருவிழா முடிஞ்சதும் எடுத்துடலாம்னு இருந்தேன் மேடம்."

"திருவிழா முடிஞ்சு ஒரு மாசமாச்சு தலைவரே."

வாசலில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். டெல்ஃபினே கிழித்தார்.

அவள் விரல் முப்பத்தொன்றாவது பெயரில் நின்றது. ரொமேல் அபெயோன். "இந்த ஆளைப் பத்தி ஒரு தகவல் வந்திருக்கு."

ரொமேல், டெல்ஃபினின் மனைவிக்குத் தம்பி. செபு துறைமுகத்தில் வேலை. ஊரில் அவனுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. தன் பெயரில் டெல்ஃபின் பணம் வாங்கிக்கொண்டதும் அவனுக்குத் தெரியாது. குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான் நிவாரணம் என்று விதி வந்தபோது, 'மனைவி' என்ற கட்டத்தில் டெல்ஃபின் வாய்க்கு வந்த பெயரை எழுதியிருந்தார். அன்று வாய்க்கு வந்தது புயலின் பெயர்.

விஷயம் வெளியே வந்தால் பதவி போகும். ஜெயிலும் உண்டு.

அவள் 'மனைவி' கட்டத்தைப் படித்தாள். "லோர்னாவா? புயல் பேராச்சே."

"பொம்பளைங்க பேரைத்தானே மேடம் புயலுக்கு வைக்கிறாங்க? என் பொண்டாட்டி பேர்லகூட ஒண்ணு வந்துச்சு. வீட்டுல இருக்கறதுக்கு அது சாது."

கூட்டம் மறுபடி சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு ஹெக்டேர் நெல்லு, மொத்தமும் தண்ணிக்குள்ள. வாங்க, காட்டறேன்." எந்த வயலையும் காட்டலாம். எல்லாமே மூழ்கியவைதான்.

"வயல் இருக்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"பாக்காம எழுதுவேனா? லோர்னா கையால காபி குடிச்சிருக்கேன். தங்கமான பொண்ணு." சொல்லச் சொல்ல டெல்ஃபினுக்குத் தெம்பு வந்தது. "ரெண்டு பசங்க வேற. சின்னது அப்படியே அப்பன் ஜாடை."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். டெல்ஃபின் முறைத்ததும் இருமல் நின்றது.

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்." சிலுவை போட்டுக்கொண்டார்.

"எழுதிக் குடுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டு, கேட்காமலே முத்திரையும் குத்தினார்.

அவள் இரண்டு முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவ்வளவுதானே மேடம்? எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்கன்னு சொல்லவே இல்லையே?"

அவள் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை உங்க மச்சினன்கிட்ட குடுத்து, அடுத்த மாசம் எங்க கல்யாணம் நடக்காதுன்னு சொல்லிடுங்க."